உவர்மண் தேனீயும் அதன் தரையும்

தேனீயைக் காப்பது என்ற பேச்சு எழுந்தால் பெட்டி, அடை, ராணி, தேன் என்றே நம் நினைவு ஓடுகிறது. உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் தேன் சேர்த்து வைத்துப் பெருங்கூட்டமாக வாழ்பவை மிகச் சில. பெரும்பான்மை இனங்களில் ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகக் கூடு அமைத்து, தனியாக முட்டையிட்டு, பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு வேண்டிய உணவைத் தனியாகவே சேர்த்து வைத்துவிட்டு மடிந்துபோகிறது. இவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கூடு வைப்பவை. தேன் தராத, பெட்டிக்குள் அடங்காத, ஆண்டில் ஓரிரு மாதம் மட்டுமே கண்ணில் படுகிற இவ்வுயிர்களைக் காப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு உழவர்களும் பூச்சியியல் அறிஞர்களும் சேர்ந்து முக்கால் நூற்றாண்டாக விடை தேடிவரும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தென்கிழக்கில், வாலா வாலா வட்டாரத்தில் இருக்கும் டூஷி பள்ளத்தாக்கு. அங்கே காக்கப்படும் இனம் உவர்மண் தேனீ. அறிவியல் பெயர் நோமியா மெலாண்டெரி. அதன் வாழ்வையும், அது அழிந்த இடங்களையும், பெருகிய இடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. தனித்து வாழும் தேனீக்குப் பூ மட்டும் போதாது. அது குடியிருக்கும் மண்ணும் காக்கப்பட வேண்டும். இன்றைய பாதுகாப்பு முயற்சிகள் பலவும் பூச்செடி நடுவதோடு நின்றுவிடுகின்றன. தரையைப் பற்றி அவை நினைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

இனமும் இடமும்

இந்த இனத்தை 1906-ஆம் ஆண்டு அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் தியோடர் காக்கரெல். ஆயிரக்கணக்கான தேனீ இனங்களுக்குப் பெயர் சூட்டியவர் அவர். வாஷிங்டன் மாநிலத்தில் பணியாற்றிய பூச்சியியல் பேராசிரியர் மெலாண்டரின் பெயரை இதற்கு வைத்தார். பூச்சிக்கொல்லிக்குப் பூச்சிகள் பழகிப்போகும் என்பதை 1914-இல் முதன்முதலில் எடுத்துக்காட்டியவரும் அதே மெலாண்டர்தான். பழத்தோட்டங்களில் தெளித்த சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் செதில் பூச்சிகள் சாகாமல் இருந்ததை அவர் பதிவு செய்தார். பின்னாளில் பூச்சிக்கொல்லிகளால் பெரிதும் வதைபட்ட ஒரு தேனீ இனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உவர்மண் தேனீ அளவில் நாம் அறிந்த தேனீயை ஒத்தது. கரிய வயிற்றின் மேல் பச்சையும் நீலமும் மஞ்சளும் கலந்து முத்தைப் போல மின்னும் பட்டைகள் குறுக்காக ஓடுகின்றன. அவை மயிரால் ஆனவை அல்ல. உடலின் மேலோடே அப்படி ஒளிர்கிறது. கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, ஐடஹோ, ஓரிகன், வாஷிங்டன் என்று வட அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதிகளே இதன் தாயகம்.

அந்தப் பரந்த நிலத்தில் எங்கும் இது கூடு வைத்துவிடாது. இதற்கு வேண்டியது உப்புப் பூத்த, களை முளைக்காத, அடியில் ஈரம் வற்றாத வண்டல் கலந்த மண். மண்ணுக்குக் கீழே நீரைக் கசியவிடாத கெட்டியான அடுக்கு இருக்க வேண்டும். அதன் மேல் தங்கும் நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். ஏறிய நீர் ஆவியாகும்போது உப்பு மேற்பரப்பில் பொருக்காகப் படியும். அந்தப் பொருக்கு செடிகொடிகளை முளைக்கவிடாது. கீழே இருக்கும் ஈரம் விரைவில் காய்ந்துபோகவும் விடாது. உழவன் ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்கிய களர்நிலமே இந்தத் தேனீக்கு ஏற்ற குடியிருப்பு.

மண்ணுக்குள் ஓர் ஆண்டு

வாஷிங்டன் மாநிலத்தில் கோடை தொடங்கும் ஜூன் மாத வாக்கில் தேனீக்கள் தரையைத் துளைத்துக்கொண்டு வெளிவருகின்றன. ஆண்கள் சில நாள் முந்தி வந்து தரைக்கு மேலே தாழப் பறந்து திரியும். பெண்கள் வெளிப்பட்டதும் இணைசேரல் நடக்கிறது. அதற்குப் பிறகு ஆணுக்கு வேலை இல்லை. அது செடிகளின் மேல் இரவைக் கழித்துச் சில வாரங்களில் மடியும். பெண்ணுக்கோ அப்போதுதான் உழைப்பு தொடங்குகிறது.

அது தரையில் செங்குத்தாக ஒரு சுரங்கம் தோண்டும். தோண்டிய மண் வாயிலைச் சுற்றிச் சிறு கூம்பாகக் குவியும். ஒரு சாண் ஆழத்துக்குள் பக்கவாட்டில் முட்டை வடிவ அறைகளை அமைக்கும். ஒவ்வோர் அறையின் சுவரையும் மெழுகி, தன் வயிற்றுச் சுரப்பியிலிருந்து ஊறும் நீர்புகாத பூச்சை அதன் மேல் பூசும். பல முறை பறந்து கொண்டுவந்த மகரந்தத்தைத் தேன்நீரில் பிசைந்து ஓர் உருண்டையாக்கி உள்ளே வைக்கும். அதன் மேல் ஒரே ஒரு முட்டை. பின் அறையை மூடிவிடும். ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஓர் அறை. நல்ல காலம் வாய்த்தால் ஒரு கூட்டில் 15 முதல் 20 அறைகள் வரை அமையும். நாலைந்து வாரங்களில் அதன் ஆயுள் முடிகிறது. தன் பிள்ளைகளில் ஒன்றையும் அது பார்ப்பதில்லை.

முட்டையிலிருந்து வரும் புழு அந்த உருண்டையை மட்டும் தின்று வளர்கிறது. முழு வளர்ச்சி அடைந்ததும் அப்படியே உறங்கத் தொடங்கும். இலையுதிர்காலம், பனிக்காலம், வசந்தகாலத்தின் பெரும்பகுதி முழுவதும் அந்த உறக்கம் நீளும். மண் சூடேறத் தொடங்கிய பிறகே அது கூட்டுப்புழுவாகி, தேனீயாக உருமாறும். ஆக, ஆண்டில் 10 மாதங்களுக்கும் மேல் இந்த இனம் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் அங்கே ஏர் ஓட்டினால், கனத்த வண்டியை ஏற்றினால், நீரைத் தேக்கினால், அல்லது அடியீரத்தை வற்றவிட்டால் அடுத்த தலைமுறை முழுதும் சத்தமின்றி அழியும். ஈரம் மிகுந்தால் மகரந்த உருண்டையில் பூஞ்சை பிடிக்கும். குறைந்தால் புழு வற்றிப்போகும்.

தனித்து வாழும் இனம் என்றாலும் இவை ஒன்றுக்கொன்று எட்ட விலகி வாழ்வதில்லை. ஏற்ற தரை அரிதானதால், கிடைத்த இடத்தில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் பக்கத்தில் பக்கத்தில் கூடு வைக்கின்றன. அவற்றுள் ராணி இல்லை, வேலைக்காரர் இல்லை, பொதுச் சேமிப்பு இல்லை. அவரவர் வாயில், அவரவர் உழைப்பு. கூட்டுவாழ்க்கை பரிணாமத்தில் எப்படித் தோன்றியது என்று ஆராய்பவர்களுக்கு இதனால் இந்தத் தேனீ முக்கியமானது. கூட்டமாக வாழும் இனங்களுக்கு நெருங்கிய உறவாக இருந்தும் தனித்தே வாழ்கிற இதன் மரபணுத் தொகுதி 2019-இல் வெளியிடப்பட்டது.

நெருங்கி வாழ்வதில் ஆபத்தும் உண்டு. ஹெட்டெரோஸ்டைலம் ரோபஸ்டம் என்ற மயிரடர்ந்த ஈ, கூட்டு வாயில்களில் தன் முட்டைகளை வீசிவிட்டுப் போகும். அதன் புழு கீழே இறங்கித் தேனீயின் புழுவைத் தின்று வளரும். ஒரே இடத்தில் எல்லாக் கூடுகளும் இருப்பதால் பருவம் தவறி ஒரு மழை பெய்தாலும், ஒரு நச்சுத் தெளிப்பு தவறினாலும் இழப்பு பெரிதாகிறது.

பூவில் இருக்கும் விசை

இந்தத் தேனீயின் கதையை மனிதர்களின் கதையோடு பிணைத்தது ஒரு தீவனப் பயிர். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்கள் நன்கு அறிந்த குதிரை மசால்தான் அது. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பயிர் குடியேறிகளோடு அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போய், அங்கே பால்மாடுகளின் முதன்மைத் தீவனமாகிவிட்டது. தீவனத்துக்கு வளர்ப்பவர் பூக்கும் முன்பே அறுத்துவிடலாம். விதைக்கு வளர்ப்பவருக்கோ பூவும் வேண்டும், பூவைத் திறக்கும் பூச்சியும் வேண்டும்.

குதிரை மசால் பூவில் படகல்லிகள் என்ற கீழ் இதழ்கள், மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. பூச்சி அழுத்தியதும் அவை இரண்டும் சேர்ந்த தண்டு எலிப்பொறியின் விசை போலத் தெறித்து எழுந்து மேலிருக்கும் கொடியல்லியில் மோதும். வழியில் இருக்கும் பூச்சியின் தலையிலும் அடி விழும். அப்படித் தெறித்தால்தான் அயல் மகரந்தச் சேர்க்கை சரிவர நடந்து விதை பிடிக்கும். தெறிக்காத பூ பெரும்பாலும் வாடி உதிர்ந்துவிடும்.

பெட்டித் தேனீக்கு இந்த அடி பிடிப்பதில்லை. சில பூக்களில் அடிபட்ட பிறகு அது பூவின் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேன்நீரை மட்டும் எடுக்கக் கற்றுக்கொள்கிறது. உவர்மண் தேனீ மகரந்தத்துக்காகவே வருவதால் நேரே இறங்கிப் பூவைத் திறக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தேனீ ஆய்வாளர் ஜேம்ஸ் கேன் 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பெண் உவர்மண் தேனீ தான் சென்ற பூக்களில் 81 விழுக்காட்டைத் தெறிக்கச் செய்தது. பெட்டித் தேனீயோ 22 விழுக்காட்டைத்தான். காட்டுத் தேனீ ஒன்றின் நலமும் உழவனின் வருமானமும் ஒரே இடத்தில் சந்தித்தது இப்படித்தான்.

பாத்தி கட்டியவர்கள்

1940-களில் யூட்டா மாநிலத்தின் லோகன் நகரில் ஜார்ஜ் போஹார்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் குதிரை மசாலின் விதை மகசூல் ஏன் குறைகிறது என்று ஆராயத் தொடங்கினார்கள். காட்டுத் தேனீக்களின் பங்கு அப்போதுதான் தெளிவாகியது. உவர்நிலங்களை உழுது திருத்தியதும், பயிர்ப்பூச்சிகளை ஒழிக்க நச்சு மருந்துகளைத் தெளித்ததும், விதைக்கு உதவிய உயிரையே ஒழித்துக்கொண்டிருந்தன.

இருக்கிற கூட்டுத் தரைகளை வேலியிட்டுக் காத்தது முதல் படி. புதிய தரைகளையே செய்து பார்த்தது அடுத்த படி. ஓரிகன் மாநிலத்தில் வில்லியம் ஸ்டீஃபன் செயற்கைத் தேனீப் பாத்தி அமைக்கும் முறையை உருவாக்கி 1960-இல் வெளியிட்டார். நிலத்தை ஆழமாக அகழ்ந்து அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட வேண்டும். அதன் மேல் சரளை பரப்பி, குழாய் வழியே நீர் விட ஏற்பாடு செய்து, மேலே தகுந்த மண்ணை நிரப்பி, மேற்பரப்பில் உப்பைக் கலக்க வேண்டும். இயற்கையான கெட்டி அடுக்கின் வேலையைப் பிளாஸ்டிக் செய்தது. உறங்கும் புழுக்களோடு கூடிய மண்ணைப் பழைய கூட்டுத் தரையிலிருந்து கட்டி கட்டியாக வெட்டி எடுத்துப் புதிய பாத்தியில் பதித்தார்கள். இதே வழியில் 1970-களின் தொடக்கத்தில் நியூசிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட உவர்மண் தேனீ அங்கே தெற்குத் தீவில் நிலைத்தது.

ஆனால் பாத்தி கட்டுவது ஒரு பருவத்து வேலை அன்று, பராமரிப்பு ஓயாதது. ஈரம் கூடினாலும் குறைந்தாலும் கேடு. களை எடுக்க வேண்டும், உப்பு இட வேண்டும், வண்டியும் கால்நடையும் ஏறாமல் பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில்தான் எளிய மாற்று ஒன்று கிடைத்தது. யூரேசியாவிலிருந்து தற்செயலாக வந்து சேர்ந்த மெகாகைல் ரொட்டண்டேட்டா என்ற இலைவெட்டித் தேனீ, மரத்திலும் அட்டையிலும் செய்த துளைகளில் கூடு வைத்தது. அதைக் குளிர்பதனத்தில் வைக்கலாம், விற்கலாம், வாங்கலாம், வேண்டிய வயலுக்கு எடுத்துச் செல்லலாம். பல மாநிலங்களின் விதை உழவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். உவர்மண் தேனீயின் பாத்திகள் கைவிடப்பட்டன. இடம்பெயர்க்க எளிதான அந்தத் தேனீக்கும் பின்னர் சுண்ணப் பூஞ்சை நோய் பரவியது. அமெரிக்க உழவர்கள் கனடாவிலிருந்து ஆண்டுதோறும் அதை விலைக்கு வாங்கும் நிலை வந்தது.

டூஷி பள்ளத்தாக்கு சொல்வது

டூஷி பள்ளத்தாக்கின் உழவர்கள் தங்கள் பாத்திகளைக் கைவிடவில்லை. சில குடும்பங்களில் பாட்டன் காலத்துப் பாத்தியைப் பேரன் பராமரிக்கிறார். வயலுக்கு நடுவே பயிர் ஏதும் இல்லாமல் வெளுத்துக் கிடக்கும் அந்த ஏக்கர்களுக்கு அடியில் குழாய்கள் புதைக்கப்பட்டுள்ளன. வசந்தத்தில் அவற்றின் வழியே நீர் பாய்ச்சி, மேலே உப்பைத் தூவுகிறார்கள். தேனீ பறக்கும் வாரங்களில் பாத்திகளை ஒட்டிய சாலைகளில் வண்டிகள் மணிக்கு 20 மைலுக்குள் செல்லும்படி அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன. மருந்து தெளிக்க வேண்டி வந்தால், விரைவில் வீரியம் இழக்கும் மருந்தைத் தேர்ந்து, பெண் தேனீக்கள் மண்ணுக்குள் திரும்பிவிட்ட இரவில் தெளிக்கிறார்கள். ஒருவர் தவறினால் அடுத்தவர் பாத்தியும் அழியும் என்பதால் இது தனியொருவர் ஒழுக்கமாக இல்லாமல் ஊரார் கட்டுப்பாடாக வளர்ந்திருக்கிறது.

பலன் என்ன? ஜேம்ஸ் கேன் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 240 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள கூட்டுத் தரைகளைக் கணக்கெடுத்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டு ஆண்டுகளில் அங்கே கூடு வைக்கும் பெண் தேனீக்கள் ஒன்பது மடங்கு பெருகி, 1 கோடியே 70 இலட்சத்தை எட்டியிருந்தன. தனித்து வாழும் தேனீ ஒன்றுக்கு உலகில் அதுவரை பதிவான மிகப் பெரிய தொகை அது. இந்தப் பெருக்கம் நடந்தது மனிதர் நடமாட்டம் இல்லாத காப்புக்காட்டில் அன்று. உழவும் மருந்தும் இயந்திரமும் ஓயாத விளைநிலத்தில். தீவிர வேளாண்மையும் காட்டுத் தேனீயும் ஒரே இடத்தில் வாழவே முடியாது என்ற அவநம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பு. கூடு இருக்கும் இடத்தை அறிந்து, அதற்கேற்ப வேலையையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள மனிதர்கள் ஒப்பினால் இடம் கிடைத்துவிடுகிறது.

ஆபத்துகள் தீர்ந்துவிடவில்லை. விதையின் விலை வீழ்ந்தால் உழவர் வேறு பயிருக்கு மாறுவார். பாத்திக்கு நீர் விட ஆள் இருக்காது. வசந்தம் முந்திச் சூடேறினால் தேனீ வெளிவரும் நாளும் பயிர் பூக்கும் நாளும் பொருந்தாமல் போகலாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணின் வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும் தேனீ வெளிவரும் காலத்தை மாற்ற முடியுமா என்று சோதித்ததற்குப் பின்னால் இந்தப் பொருத்தம் பற்றிய அக்கறைதான் இருக்கிறது.

மண்வழி வரும் நஞ்சு

பூச்சிக்கொல்லிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் விதிகள் பெரும்பாலும் பெட்டித் தேனீயை அளவுகோலாகக் கொண்டவை. பெட்டித் தேனீ மண்ணைத் தோண்டுவதில்லை. மண்ணில் வாழும் தேனீயோ நாள்தோறும் மண்ணைக் குடைந்து, அதன் மேலேயே புரண்டு, தன் குஞ்சையும் அதற்குள்ளேயே விட்டுச்செல்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூசணித் தேனீ என்ற மற்றொரு மண்வாழ் தனித் தேனீயை வைத்து நடத்திய ஆய்வை 2021-இல் வெளியிட்டார்கள். நடவின்போது மண்ணில் இமிடாகுளோபிரிட் இட்ட பயிரில் வாழ்ந்த தேனீக்கள் 85 விழுக்காடு குறைவான கூடுகளையே அமைத்தன. பிறந்த குஞ்சுகள் 89 விழுக்காடு குறைந்தன. பூவில் தெளிக்காவிட்டால் தேனீக்குக் கேடில்லை என்ற எண்ணம் இங்கே உடைந்துபோகிறது.

பயன் தராத தேனீக்கள்

டூஷி பள்ளத்தாக்கின் வெற்றியை அப்படியே பொதுவிதியாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. உவர்மண் தேனீ பணம் தருகிறது. அதனால் அதற்குக் காவல் கிடைத்தது. மற்றவற்றுக்கு? டேவிட் கிளெய்னும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. காட்டுத் தேனீக்கள் பயிர்களுக்குச் செய்யும் மகரந்தச் சேர்க்கையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெறும் 2 விழுக்காடு இனங்களே செய்துவிடுகின்றன. பயனை மட்டும் காரணமாக வைத்தால் மிச்சமுள்ள 98 விழுக்காட்டைக் காக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

ஆகவே டூஷியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வருமானக் கணக்கை அல்ல, அதன் வழிமுறையை. ஓர் இனத்துக்கு எத்தகைய மண் வேண்டும், எவ்வளவு ஈரம், எவ்வளவு வெயில், எந்த மாதங்களில் அமைதி என்று கேட்டறிவது. அந்தத் தரையை வரைபடத்தில் குறிப்பது. அதைத் தொடாமல் விடுவதையும் ஒரு வேலையாக ஏற்பது. இந்தக் கேள்விகளுக்குப் பயன் தரும் இனம், தராத இனம் என்ற வேறுபாடு கிடையாது.

நம் வயல்களுக்கும் இது பொருந்தும். உவர்மண் தேனீயின் சுற்றத்தைச் சேர்ந்த ஹோப்லோனோமியா வெஸ்ட்வுடி, இந்தியாவின் கத்தரி வயல்களில் பூவை உடலதிர்வால் குலுக்கி மகரந்தம் உதிர்க்கும் தனித் தேனீ. துவரைப் பூக்களுக்கு இலைவெட்டித் தேனீக்களும் தச்சுத் தேனீக்களும் வருகின்றன. இவற்றில் எதையும் பெட்டித் தேனீயைப் போலக் கூட்டமாகப் பெட்டியில் வளர்க்க முடியாது. உழாத வரப்பு, வெயில் படும் வெற்று மண்மேடு, காய்ந்த தண்டு, பட்ட மரக்கிளை ஆகியவையே இவற்றின் வீடுகள். வரப்பு முழுதும் களைக்கொல்லி அடிப்பதும், ஓரங்களைச் சிமெண்டால் பூசுவதும், வெற்றிடம் தெரிந்த இடத்திலெல்லாம் மண்ணைப் புரட்டுவதும் வீட்டை இடிக்கும் வேலைகள். வெறுமையாகக் கிடக்கிறது என்பதாலேயே ஒரு தரை வீணாகிவிடாது. அதற்குள் அடுத்த ஆண்டின் மகசூலுக்கு உழைக்கப்போகிற உயிர் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்காகத் தீட்டப்படும் ஒவ்வொரு திட்டத்திலும் பூச்செடிப் பட்டியலுக்குப் பக்கத்தில் கூட்டுத் தரைக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். வேளாண் கல்லூரிகள் பயிருக்கு வரும் தேனீயை எண்ணுவதோடு நிற்காமல், அது மாலையில் எங்கே திரும்பிச் செல்கிறது என்றும் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லிக்கு உரிமம் தருபவர்கள் மண்ணில் வாழும் தேனீயையும் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு சிறு பள்ளத்தாக்கில் உழவர்கள் உப்பும் நீரும் பொறுமையும் கொண்டு இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. செய்வோமா என்பதே மீதி.